பழைய காருக்குப் புதிய கண்ணாடி

ஓர் அம்பாசிடர் டாக்ஸி. முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து கல் ஒன்று தெறித்தது. டாக்ஸியின் முன் கண்ணாடி முழுவதும் ஒரு நொடியில் விரிசல் ஓடியது. ஓட்டுநருக்குச் சாலையே தெரியவில்லை. மெல்ல ஓரம் கட்டினார். உயிர் தப்பினார்.

மறுநாள் பட்டறைக்குப் போனார்.

"பழைய கண்ணாடி இருந்தால் போடுங்கள் அண்ணே. செலவு குறையும்" என்றார்.

"கண்ணாடியில் இரண்டு வகை உண்டு தம்பி. தெரிந்துகொண்டு வாங்குங்கள்" என்றார் மெக்கானிக்.

ஒன்று, டஃபன்டு கண்ணாடி. அடிபட்டால் முழுவதும் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கும். டாக்ஸியில் இருந்தது இதுதான்.

மற்றொன்று, லேமினேட்டட் கண்ணாடி. இதில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். கல் பட்டால் விரிசல் விடும். ஆனால் உதிராது. சாலை தெரியும். இன்றைய கார்களின் முன் கண்ணாடி இந்த வகைதான். சட்டமும் அப்படியே சொல்கிறது. கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்கு தெரியும்.

அம்பாசிடர் கார் செய்வது 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அதற்கு லேமினேட்டட் கண்ணாடி போடலாம். ஓட்டுநர் அதையே வாங்கினார்.

கண்ணாடி மாற்றும் முறை

1. கைக்கு உறை போட வேண்டும். வைப்பரைக் கழற்ற வேண்டும்.

2. பழைய பீடிங் ரப்பரை அறுத்து எடுக்க வேண்டும். கண்ணாடித் துண்டுகளைச் சுத்தமாக அகற்ற வேண்டும்.

3. கண்ணாடி உட்காரும் தகட்டைப் பார்க்க வேண்டும். துருவைச் சுரண்ட வேண்டும். ரெட் ஆக்சைடு பூசிக் காயவிட வேண்டும். ஓட்டை இருந்தால் டிங்கரிங் செய்ய வேண்டும்.

4. புதிய ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். தகடு நுழையும் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்ற வேண்டும். கயிற்றின் இரு முனைகளும் வண்டிக்கு உள்ளே இருக்க வேண்டும்.

5. ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும்.

6. கடைசியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது.

டாக்ஸியின் தகட்டில் துரு இருந்தது.

"அப்படியே போட்டுவிடுங்கள் அண்ணே. ஒரு நாள் வருமானம் போகிறது" என்றார் ஓட்டுநர்.

"துருவின் மேல் ரப்பர் பிடிக்காது தம்பி. மழையில் தண்ணீர் இறங்கும். தகடு அரிக்கும். பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடியும் நிற்காது" என்றார் மெக்கானிக்.

ஓட்டுநர் ஒரு நாள் பொறுத்தார். அடுத்த மழையில் வண்டிக்குள் ஈரம் இல்லை.

கலந்து பேசுவோம்

1. டஃபன்டு கண்ணாடிக்கும் லேமினேட்டட் கண்ணாடிக்கும் என்ன வேறுபாடு?

2. துருவை ஏன் முதலில் எடுக்க வேண்டும்?

3. செலவைக் குறைக்க நினைத்து நீங்கள் அதிகம் இழந்தது உண்டா? சொல்லுங்கள்.