கூரை மேல் கதிரவன்: மிச்சம் எவ்வளவு?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பொங்கலிட்டுக் கதிரவனை வணங்கும் நம் நாட்டில், இன்று அவனே வீட்டுக் கூரைகளில் மின்சாரமும் தருகின்றான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு, முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்தது. அது முதல், இயற்பியல் படிக்கும் என்னிடம் உறவினர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "தகடு போட்டால் எவ்வளவு மிஞ்சும்?" இதற்கு விடை தகட்டில் மட்டுமில்லை, வீட்டு மின் அட்டையிலும் உள்ளது என்பதைக் கணக்கிட்டுக் காண்போம்.

முதலில் உற்பத்தி. 1 கிலோவாட் என்று தகட்டிற் குறிக்கப்படுவது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும், 25 பாகை செல்சியஸ் வெப்பமும் உள்ள ஆய்வுக்கூட நிலையில் கிடைக்கும் திறனாகும். நம் கோடையில் தகட்டின் வெப்பம் 60 பாகையைத் தொடும். 25க்கு மேல் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறைவதால், 35 பாகைக்கு 14 விழுக்காடு இழப்பு. தூசியும், ஐப்பசி கார்த்திகை மேகமும் மேலும் குறைக்கும். தொடராக இணைந்த மின்கலங்களில் சிலவற்றின் மீது தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலே அத்தொடரின் மின்னோட்டம் குறையும். இவை யாவும் கருதி, நிழலற்ற மாடியில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், அதாவது இரு மாதத்திற்கு 240 யூனிட் எனக் கொள்ளலாம்.

இனிக் கட்டணம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பின்னர் விகிதம் உயர்ந்தாலும், கணக்கிடும் வழி இதுவே. இரு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருப்பின், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6. மொத்தம் 500ஐத் தாண்டினால் 101ஆம் யூனிட்டிலிருந்தே ரூ. 4.50, 501 முதல் 600 வரை ரூ. 8.

மூன்று வீடுகளில் 1 கிலோவாட் தகடு அமைப்பதாகக் கொள்வோம்.

1. 600 யூனிட் செலவழிக்கும் வீடு: கட்டணம் ரூ. 2,750. தகடு அமைத்தபின் 360 யூனிட்டுக்கு ரூ. 945. மிச்சம் ரூ. 1,805.

2. 340 யூனிட் வீடு: கட்டணம் ரூ. 855. பின்னர் 100 யூனிட், கட்டணம் இல்லை. மிச்சம் ரூ. 855.

3. 200 யூனிட் வீடு: கட்டணமே ரூ. 225. மிச்சமும் அவ்வளவே.

தகடு ஒன்று, கதிரவன் ஒருவன், மிச்சமோ மூன்று! தகடு தரும் யூனிட், விலை மிகுந்த மேற்படியிலிருந்து கழிகிறது என்பதே காரணம்.

மானியம் போகக் கைச்செலவு ரூ. 40,000 என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டார் சுமார் 3.7 ஆண்டுகளிலும், இரண்டாம் வீட்டார் 7.8 ஆண்டுகளிலும் முதலை மீட்பர். மூன்றாம் வீட்டாருக்கோ 29 ஆண்டுகளுக்கு மேலாகும்! தகட்டுக்கு வழக்கமாகத் தரப்படும் உத்தரவாதமே 25 ஆண்டுகள்தாம். அவர்கள் கடன் வாங்கித் தகடு போட்டால், மிச்சம் வட்டிக்கும் போதாது.

ஆகவே, கையெழுத்திடுமுன் ஓராண்டின் ஆறு கட்டண விவரங்களையும் எடுத்துவைத்து, இன்றைய விகிதத்தில் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டமைப்புக் கட்டணம் ஏதும் விதிக்கப்படின் அதையும் கழியுங்கள். காலை 9 முதல் மாலை 3 வரை மாடியில் நிழல் விழுகிறதா என்றும் நோக்குங்கள். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் போதும். விற்பவர் சொல்லும் கணக்கைவிட, நம் வீட்டு மின் அட்டை சொல்லும் கணக்கே நமக்கு உரியது.