சக்கரத்தைக் கழற்றாமல் கிரீஸ் அடிக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாட்டுவண்டிக்கு மை போடுவதென்றால் அச்சுக்கு முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்தாக வேண்டும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சு முனையில் தடவி, பிறகு சக்கரத்தைத் திரும்பத் தள்ளி மாட்டுவார்கள். மோட்டார் வண்டி வந்த பிறகும் தொல்லை உடனே தீர்ந்துவிடவில்லை. தொடக்க கால கார்களில் திருகுமூடி போட்ட சின்னக் கிண்ணங்கள் இருந்தன. அவற்றில் கிரீஸ் நிரப்பி, அவ்வப்போது மூடியைத் திருகித்தான் உள்ளே தள்ள முடிந்தது. இன்று டிராக்டர், லாரி, டிரெய்லர் எல்லாவற்றிலும் குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் கிரீஸ் நிப்பிளுக்கு 1929-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர், ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஜெர்க்.

நிப்பிளின் வாயில் ஒரு குட்டி எஃகுக் குண்டு இருக்கும். அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். கிரீஸ் கன்னின் அழுத்தம் குண்டை உள்ளே தள்ள, கிரீஸ் இறங்கும். அழுத்தம் நின்றதும் ஸ்பிரிங் குண்டைத் தள்ளி வாயை அடைத்துவிடும். கன்னில் ஒரு பீப்பாய், மெல்லிய பிளஞ்சர், லிவர். இவ்வளவுதான் சாதனம். முன்பு அரைநாள் பிடித்த வேலை இப்போது கால் மணி நேரத்தில் முடிகிறது.

ஆனால் இந்த வசதியோடு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தோம். இப்போது நாலு அடி அடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். கிரீஸ் அடிப்பது என்பது பாதிக்கு மேல் பார்க்கிற வேலை. அதை விட்டுவிட்டால் கிரீஸ் கன் நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும்.

செய்ய வேண்டியவை

நிப்பிள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கையேட்டைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். டிராக்டரின் முன்பக்கம் அச்சைத் தாங்கும் சென்டர் பின், இருபுறக் கிங்பின். லாரியில் கிங்பின்னோடு ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள் பின்கள், பிரேக் கேம் ஷாஃப்ட், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ். நாலு சக்கர டிரெய்லரில் திரும்பும் வட்டத் தகடு. பல வண்டிகளில் சென்டர் பின் நிப்பிள் மண்ணோடு மண்ணாக மூடிக் கிடக்கும். அப்படியொன்று இருப்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் பெயின்ட்டால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஆள் மாறினாலும் வட்டம் இருக்கும்.

வண்டியைக் கழுவுவது முதலில், கிரீஸ் அடிப்பது பிறகு. வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் சீல் ஓரமாக உள்ளே ஏறும். பிறகு அடிக்கும் கிரீஸ்தான் அதை வெளியே தள்ள வேண்டும். வரிசையை மாற்றினால் புது கிரீஸையும் தண்ணீர் கெடுத்துவிடும்.

நிப்பிளைத் துடையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இதை வையுங்கள். ஓடும் வண்டியின் நிப்பிள் தலையில் பழைய கிரீஸும் புழுதியும் சேர்ந்து கருப்பாக ஒரு பொருக்குக் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல் தெரியும். அதன் மேலேயே கன்னின் வாயை மாட்டி அடித்தால் முதல் அடியிலேயே அந்த மணல் முழுவதும் புஷ்ஷுக்குள் போய்விடும். கிரீஸோடு கலந்த மணல், சாணை பிடிக்கும் பசைதான். பனியன் வேஸ்ட் எடுத்து, டீசலில் லேசாக நனைத்து, குண்டு பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். கன்னின் வாயையும் துடைத்து, ஒரு பொட்டுக் கிரீஸை வெளியே தள்ளி, அதையும் வழித்துப் போட்டுவிட்டு அப்புறம் மாட்டுங்கள். முடிந்த பிறகு நிப்பிள் தலையில் ஒரு துளி கிரீஸ் நிற்கும். அதையும் வழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பொருக்குக்கு அதுவே அடித்தளம். ரப்பரோ பிளாஸ்டிக்கோ மூடி கிடைத்தால் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

பாரத்தை இறக்கிவிட்டு அடியுங்கள். டிராக்டர் தரையில் நிற்கும்போது முன்பக்க எடை முழுவதும் சென்டர் பின்னின் ஒரு பக்கத்தில் அழுந்தி நிற்கும். அந்தப் பக்கம் மயிரிழை இடைவெளிகூட இருக்காது. கிரீஸ் சுலபமான வழியாக மறுபக்கமே போய் வெளியே வரும். தேய்கிற பக்கம் காய்ந்தே கிடக்கும். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அடித்தால் சுற்றிலும் பரவும். ஷாக்கிள் பின்னுக்கும் இதே கணக்குத்தான், சேசிஸைத் தூக்கிப் பட்டையைத் தளர்த்த வேண்டும். கிங்பின்னுக்கு மட்டும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் முறை மாறும், சிலர் டயர் தரையில் இருக்கட்டும் என்பார்கள். கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

வெளியே வருவதைப் பாருங்கள். பின், புஷ் போன்ற மூட்டுகளில் பழைய கிரீஸ் ஓரங்களில் பிதுங்கி வர வேண்டும். முதலில் வருவது கருப்பாகவோ, துரு கலந்து செம்மையாகவோ, தண்ணீர் கலந்து வெண்ணெய் போலவோ இருக்கும். சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை மெதுவாக அடியுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டுமே வந்தால் மறுபக்கம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்கை ஒருவர் இருபக்கமும் திருப்ப, இன்னொருவர் அடித்தால் பெரும்பாலும் வழி திறந்துவிடும். செம்மண் நிறத்தில் தூள் தூளாக வந்தால் பின் தேயத் தொடங்கிவிட்டது. அதற்குக் கிரீஸ் மருந்தல்ல, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சேற்றுழவு நடக்கும் நாள்களில் இது அன்றாட வேலை. கேஜ் வீல் மாட்டி வயலில் இறங்கினால் முன் அச்சு முழுவதும் சேற்றில் முங்கி முங்கி எழுகிறது. சேறும் தண்ணீரும் பின்னுக்குள் நுழையாமல் இருக்கவே முடியாது. பல டிராக்டர் கையேடுகள் சாதாரண வேலைக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, சேற்றிலும் கடும் புழுதியிலும் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். காலையில் கிளம்பும்போது அடிப்பதைவிட, மாலையில் வயலைவிட்டு ஏறியதும் கழுவிவிட்டு அடிப்பது மேல். இரவெல்லாம் உள்ளே நிற்கும் தண்ணீர்தான் துருவை உண்டாக்குகிறது.

கன்னைக் காற்றில்லாமல் நிரப்புங்கள். பத்து அடி அடித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பீப்பாய்க்குள் காற்றுப் பிடித்திருக்கும். கரண்டியால் அள்ளிப் போடும்போது இடையிடையே காற்றுக் குமிழ் தங்கிவிடுகிறது. பீப்பாயின் திறந்த வாயை டப்பாவுக்குள் அழுத்திப் பின்கம்பியை மெதுவாக இழுத்தால் கிரீஸ் உறிஞ்சிக்கொண்டு ஏறும். பிறகு தலையை ஒரு சுற்றுத் தளர்த்தி, கம்பியைத் தள்ளிக் காற்றை வெளியேற்றி இறுக்குங்கள்.

உங்கள் கன் ஓர் அடிக்கு எவ்வளவு தருகிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் பத்து அடி அடித்து, எடை போட்டு, பத்தால் வகுத்தால் போதும். கைக் கன்களில் பெரும்பாலானவை ஒரு கிராமை ஒட்டித் தரும். ‘நாலு அடி’ என்பது கன்னுக்குக் கன் வேறு.

செய்யக்கூடாதவை

நிப்பிள் இருக்கிற இடத்துக்கெல்லாம் அடித்துவிட்டதால் சக்கர பேரிங்குக்கும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன நிப்பிள்கள் எல்லாம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் கிராஸுக்கும் உரியவை. சக்கரம் சுழலும் ஹப் பேரிங் வேறு. பெரும்பாலான லாரிகளின் ஹப்பிலும், டிரெய்லர் ஹப்பிலும், டயர் மாட்டுவண்டியிலும் அதற்கு நிப்பிளே கிடையாது. கையேடு சொல்லும் காலத்தில் ஹப்பைக் கழற்றி, டீசலில் கழுவிக் காயவைத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியே மேலே பிதுங்கி வரும்வரை திணிக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லருக்கு இதைச் சீசன் தொடங்குமுன் செய்துவிடுங்கள். சாலை நடுவே பேரிங் உடைந்து சக்கரம் கழன்றால் பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரரின் உயிர்தான் போகும்.

ஹப்பில் நிப்பிள் வைத்திருக்கும் வண்டி என்றால், பின்னுக்கு அடிப்பது போல் பிதுங்கும்வரை அடிக்காதீர்கள். ஹப்பின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கிரீஸ் இருந்தால் போதும். மீதி இடம் வெறுமனே இருக்க வேண்டும், சூட்டில் கிரீஸ் விரிவதற்கு. முட்ட முட்ட நிரப்பினால் பேரிங் அதைக் கடைந்துகொண்டே சூடாகும். கன்னின் அழுத்தத்துக்கு உள்பக்க ஆயில் சீல் தாங்காது. சீல் பிதுங்கினால் கிரீஸ் நேராகப் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். லைனிங்கில் கிரீஸ் பட்ட சக்கரம் பிரேக் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் பிடிக்காமல் போனால் வண்டி மறுபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிரேக் கேம் ஷாஃப்ட் நிப்பிளுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே ஓரிரு அடிக்கு மேல் வேண்டாம்.

சேசிஸ் கிரீஸை ஹப்பில் போடாதீர்கள். விலை குறைவு என்பதற்காகப் பலர் செய்கிற தவறு இது. சேசிஸுக்கு விற்கும் சாதாரணக் கால்சியம் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகி ஒழுகத் தொடங்கும். லித்தியம் கிரீஸ் 180 டிகிரியை ஒட்டித்தான் அந்த நிலைக்கு வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரத்தோடு பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கும் லாரியின் ஹப் எப்படிக் கொதிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கடையில் ‘ஏபி 3’ என்று கேட்டால் தருவது பொதுவாக லித்தியம் வகை. அந்த 3 என்பது கெட்டித்தன்மையின் எண், 2 அதைவிட இளக்கம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மஞ்சளும் நீலமும் சிவப்பும் சேர்க்கிற சாயம்தான்.

கையில் கிடைத்த கிரீஸை இருப்பதோடு கலக்காதீர்கள். லித்தியத்தோடு பாலியூரியா போன்ற வகைகள் சேர்ந்தால் இரண்டும் கெட்டு, தண்ணீராக ஒழுகவோ கல்லாக இறுகவோ கூடும். ஒரு கன்னுக்கு ஒரே கிரீஸ் என்று வைத்துக்கொண்டு பீப்பாயில் பெயரை எழுதிவிடுங்கள்.

கிரீஸ் ஏறவில்லை என்றால் முட்டி அடிக்காதீர்கள். நிப்பிளைக் கழற்றுங்கள். கையில் வைத்துக்கொண்டு கன்னை மாட்டிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது. புதிது ஒன்று மாட்டுங்கள், அதிகச் செலவில்லை. நிப்பிள் சரி, மூட்டில்தான் ஏறவில்லை என்றால் துளையில் டீசலோ மெல்லிய ஆயிலோ விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பட்டறைகளில் சிலர் கேஸ் தீயைக் காட்டிப் பின்னைச் சூடாக்குவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். கெட்டிப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் தன் கடினத்தை இழந்துவிடும், உள்ளே இருக்கும் கிரீஸும் தீப்பிடிக்கும்.

இன்றைய கார்களில் ஹப் பேரிங் மூடி முத்திரையிட்டு வருவது. அதில் துளை போட்டு நிப்பிள் வைப்பதும், சீலுக்குள் ஊசி நுழைத்துக் கிரீஸ் ஏற்றுவதும் வேண்டாத வேலை. இரைச்சல் கேட்டால் மாற்றத்தான் வேண்டும்.

இஞ்சின் ஓடும்போது ரொட்டவேட்டரின் ஷாஃப்ட் கிராஸுக்கு அடிக்கவே அடிக்காதீர்கள். வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் ஆளையே சுருட்டிவிடும். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, இரண்டும் வேண்டும்.

கடைசியாக, கன்னின் வாயில் விரல் வைக்காதீர்கள். கிரீஸ் வருகிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பது, கசிகிற ஹோஸைக் கையால் பொத்துவது இரண்டுமே ஆபத்து. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம். நல்ல லிவர் கன் 10,000 பவுண்டு வரை தரும். அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து விரலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை செத்துப்போகத் தொடங்கும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். சுண்ணாம்பு வைத்துக் கட்டுவதோ, காலையில் பார்க்கலாம் என்று படுப்பதோ கூடாது. புள்ளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ‘கிரீஸ் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது’ என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.