எங்கே அறுந்தது? – வீட்டு இணையமும் மின்னஞ்சலும் தடைபடும்போது தேடும் முறை

நீள்வகுத்தலில் தவறான விடையோடு ஒரு பிள்ளை நோட்டை நீட்டினால், "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டு நாம் நகர்வதில்லை. வாய்ப்பாட்டில் தவறா, கழித்தலில் தவறா, அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்க மறந்துவிட்டதா என்று படிப்படியாகப் பார்க்கிறோம். எந்தப் படியில் பிசகியது என்று தெரிந்த பிறகுதான் திருத்தம் சொல்கிறோம்.

ஆனால் வீட்டில் இணையம் நின்றுவிட்டால் மட்டும் "நெட் வரல" என்ற இரண்டே சொல்லோடு நின்றுவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். எமிஸ் பதிவு, இணையவழிப் பயிற்சி, வருமான வரிக் கணக்கு, மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பம் என்று நம் வேலையில் பாதி இணையத்தின் வழியே நடக்கிறது. எனவே இந்தப் பழுதுகளைப் பிரித்தறியும் முறையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குக் கணினிப் பட்டம் வேண்டாம். வகுப்பறையில் நாம் அன்றாடம் செய்கிற பிழை ஆய்வே போதும்.

ஐந்து கண்ணிகள்

வீட்டு இணையத்தை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்வோம். முதல் கண்ணி மின்சாரம். இரண்டாவது, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இழைக் கம்பி. மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. நான்காவது, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு. ஐந்தாவது, நம்முடைய கணக்கு, அதாவது மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும். ஒரு கண்ணி அறுந்தாலும் திரையில் ஒன்றும் வராது.

தேடுவதற்கு இரண்டு விதிகள். ஒன்று, அருகில் இருப்பதிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும். இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கு அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டுப்போனாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்கிறோமே, அதே விதிதான்.

முதல் கண்ணி: மின்சாரம்

ரூட்டரில் 'பவர்' விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால் அடாப்டரை வேறொரு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். எரிகிறது, ஆனால் இணையம் இல்லை என்றால், சுவிட்சை அணைத்து அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். எல்லா விளக்குகளும் நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை காத்திருங்கள்.

ஓர் எச்சரிக்கை. ரூட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்குச் சிறிய துளை ஒன்று இருக்கும். அதற்குள் குண்டூசியை விட்டு அழுத்தினால், சேவை நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். சிறு தடங்கலாக இருந்தது பெரும் பழுதாகிவிடும். அணைத்துப் போடுவது வேறு, அழித்துப் போடுவது வேறு.

இரண்டாவது கண்ணி: இழைக் கம்பி

இப்போது பெரும்பாலும் செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழைதான் வீட்டுக்கு வருகிறது. ஒளியியல் பாடத்தில் நாம் நடத்தும் முழு அக எதிரொளிப்பு, இந்த இழைக்குள்தான் ஒவ்வொரு நொடியும் நடந்துகொண்டிருக்கிறது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1954-இல் ஹாப்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டியவர். பாடம் நடத்தும்போது வீட்டு ரூட்டரையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இழை இணைப்புப் பெட்டியில் 'பி.ஓ.என்.' என்று ஒரு விளக்கும் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கும் இருக்கும். முதல் விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்தால் ஒளி வந்து சேர்கிறது என்று பொருள். 'எல்.ஓ.எஸ்.' சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி வரவில்லை என்று பொருள். அந்த நிலையில் கைபேசியில் எதை மாற்றினாலும் பயனில்லை. கம்பி பீரோவுக்குப் பின்னால் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டிலும் அதே சேவை இருந்தால் அவர்களுக்கு வருகிறதா என்று கேளுங்கள். அங்கும் இல்லை என்றால் பழுது தெருவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கழற்றிய இழையின் நுனியைக் கண்ணருகில் வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் அண்ணாகிராமம் பகுதியில் இந்த இரண்டாவது கண்ணிதான் மழைக்காலத்தில் முதலில் அறும். கம்பிகள் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகின்றன. ஒரு பலாக்கிளை முறிந்து விழுந்தால் தெருவே துண்டிக்கப்படும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. எனவே ஐப்பசி, கார்த்திகையில் முடிக்க வேண்டிய பதிவுகளைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். கைபேசியில் கொஞ்சம் டேட்டாவும், மின்னேற்றிய பவர் பேங்கும் கையிருப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது கண்ணி: வைஃபை

'இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை' என்று கைபேசி காட்டினால், கைபேசியிலிருந்து ரூட்டர் வரை வழி சரியாக இருக்கிறது, ரூட்டருக்கு அப்பால்தான் சிக்கல் என்று பொருள். பி.ஓ.என். விளக்கு சரியாக எரிந்தும் 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் எரியாவிட்டால், கட்டணக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

வைஃபைதான் குற்றவாளியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ரூட்டரிலிருந்து மடிக்கணினிக்கு லேன் கம்பியை நேராகச் செருகுங்கள். கம்பியில் வந்து காற்றில் வராவிட்டால் பழுது வைஃபையில்தான். ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ அருகிலும் வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் உயரமாக வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் அடுத்த அறை வரை எட்டும்.

சோதிக்கும்போது கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை நின்றதும் கைபேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறி, எல்லாம் சரி என்று ஏமாற்றும்.

நான்காவது கண்ணி: பெயரும் முகவரியும்

நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்குத் தேவை எண் முகவரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் இந்த ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தார். டி.என்.எஸ். என்பது அதன் பெயர்.

விண்டோஸ் கணினியில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, 'பிங்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் பெயரால் திறக்கவில்லை என்றால், பாதை சரி, பெயர்ப் பட்டியல்தான் பழுது. வலையமைப்பு அமைப்புகளில் டி.என்.எஸ். எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற இடத்தில் யாரோ எதையோ எழுதியிருந்தால், அதை 'தானியங்கி' என மாற்றுங்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் திறக்கவில்லை, மற்ற தளங்கள் திறக்கின்றன என்றால், பழுது பெரும்பாலும் அந்தத் தளத்தின் பக்கம். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும் எந்தத் தளமும் திணறும். அதற்காக நம் ரூட்டரைக் கழற்ற வேண்டாம்.

பழைய மடிக்கணினியில் எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டினால், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கலாம். தேதியைத் திருத்தினாலே போதும்.

ஐந்தாவது கண்ணி: மின்னஞ்சல்

மின்னஞ்சல் செயலியில் வரவில்லை என்றால், முதலில் அதே கணக்கை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கணக்கு நலம், செயலியின் அமைப்பில்தான் தவறு.

செயலியில் 'ஐமேப்', 'பாப்' என்று இரண்டு முறைகள் கேட்கும். 'பாப்' கடிதங்களை ஒரு கணினிக்கு இறக்கிக்கொள்ளும். அமைப்பைப் பொறுத்து, வழங்கியில் உள்ள பிரதியை நீக்கவும் செய்யும். 'ஐமேப்' எல்லாக் கருவியிலும் ஒரே அஞ்சல் பெட்டியைக் காட்டும். பள்ளிக் கணினியிலும் கைபேசியிலும் மாறி மாறிப் பார்க்கும் நமக்கு 'ஐமேப்' ஏற்றது. ஜிமெயிலுக்கு உள்வரும் வாயில் எண் 993, வெளிச்செல்லும் வாயில் எண் 465 அல்லது 587. அஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் வெளிச்செல்லும் அமைப்பை மட்டும் பாருங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய செயலி ஏற்க மறுக்கிறதா? வெறும் கடவுச்சொல்லால் நுழையும் பிற செயலிகளுக்கான வழியை 2022 மே 30 முதல் கூகுள் மூடத் தொடங்கியது. புதிய செயலிகள் கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கும். பழைய செயலி என்றால், இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துக் கொண்ட 'செயலிக் கடவுச்சொல்' ஒன்றைப் பெற்றுப் பயன்படுத்த வேண்டும்.

திடீரென்று ஒரு கடிதமும் வரவில்லை என்றால் இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, அஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் பொது. நிரம்பினால் நமக்கு வரும் கடிதங்கள் திரும்பிப் போகும். 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஜிமெயில் டிரைவ் இணைப்பாகத்தான் அனுப்பும். மாணவர் பெயர்ப்பட்டியலை அப்படி அனுப்பும்போது 'இணைப்பு உள்ள எவரும்' என்று திறந்து வைக்காதீர்கள். பெறுபவரின் முகவரியை மட்டும் சேருங்கள்.

இந்தக் கணக்கு யாருடையது?

மேலே சொன்ன நான்கு கண்ணிகளும் அறுந்தால் இரண்டு நாளில் ஒட்டவைக்கலாம். ஐந்தாவது அறுந்தால் சில சமயம் ஒட்டாது.

கணினி மையத்தில் விண்ணப்பம் போடும்போது அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்குவார்கள். மீட்பு எண்ணாக மையத்தின் கைபேசி எண் இருக்கும். கடவுச்சொல் அங்குள்ள ஒரு நோட்டில் இருக்கும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளையிடம் கேட்டால், "சென்டர் அண்ணன்கிட்ட இருக்கு சார்" என்கிறது. பொறியியல் கலந்தாய்வு முதல் கலைக் கல்லூரிச் சேர்க்கை வரை எல்லாத் தகவலும் அந்த முகவரிக்கும் கைபேசிக்கும்தான் வரும். மையம் பூட்டியிருக்கும் ஒரு நாளில், குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆக வேண்டிய பிள்ளை ஓர் இடத்தை இழக்கலாம். நம்மில் சிலருடைய கணக்கும் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இன்றே நான்கு வேலைகளைச் செய்யுங்கள். மீட்பு எண் உங்களுடையதா என்று பாருங்கள். எண்ணை மாற்றியிருந்தால் உடனே புதிய எண்ணைப் பதியுங்கள், ஏனெனில் கைவிட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும். மாற்றுக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதிச் சான்றிதழ்களோடு வையுங்கள். கணக்கில் நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தெரியாதது இருந்தால் வெளியேற்றுங்கள். பழைய கணக்கு இருந்தால் அவ்வப்போது திறந்து பாருங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒன்பது மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். அவர்களுக்கு நடுவில் எட்டு இடைவெளிகள். ஏதோ ஓர் இடைவெளியில் 'கம்பி அறுந்தது' என்று அவர்கள் மட்டும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளட்டும். வெளியே நிற்கும் மாணவர், யாராவது ஒருவரைக் காட்டி, "உன்வரை செய்தி வந்ததா?" என்று மட்டும் கேட்கலாம். ஒவ்வொருவராகக் கேட்டுப் போனால் ஏழு கேள்விகள் வரை ஆகலாம். நடுவில் நிற்பவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் மீதியைப் பாதியாக்கினால் மூன்றே கேள்விகள் போதும். எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. தொடக்க வகுப்பில் இது விளையாட்டு. உயர்நிலை வகுப்பில் இரண்டின் அடுக்கு. லேன் கம்பியைச் செருகிப் பார்த்தோமே, அதுவும் நடுவில் நிற்பவரிடம் கேட்ட கேள்விதான்.

அடுத்த முறை சேவை நிறுவனத்துக்கு அழைக்கும் முன் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த விளக்கு என்ன நிறம், கம்பியில் வருகிறதா, பக்கத்து வீட்டில் வருகிறதா, எப்போதிலிருந்து வரவில்லை. "நெட் வரல" என்பதற்குப் பதில், "நேற்று மாலை ஆறு மணியிலிருந்து எல்.ஓ.எஸ். சிவப்பாக இருக்கிறது" என்று சொன்னால், வருகிறவர் வேண்டிய கருவியோடு நேராகக் கம்பத்துக்குப் போவார்.