தினம் அரைமணியில் ஜெர்மன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வேதியியல் பயிலும் மாணவனுக்கு ஜெர்மன் மொழி எதற்கு என்று நண்பர்கள் கேட்கின்றனர். என் தாயாரும், "இது எந்தப் பரீட்சைக்குடா?" என்று கேட்டார்கள். நம் பாடத்திட்டத்தில் இதற்குத் தேர்வில்லை. ஆயினும் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவை மேற்படிப்புக்கும் கல்விக்கட்டணம் பெறுவதில்லை. விலக்குகளும் உண்டு, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் மாணவர் பருவத்திற்கு 1500 யூரோ செலுத்த வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது தனிக் கவலை. இருப்பினும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்கு இச்செய்தி சிறியதன்று. நகரத்து வகுப்புகளுக்குக் கட்டணமும் பேருந்துச் செலவும் கட்டுப்படியாகாது. ஆகவே தானே கற்பதுதான் வழி.

அதற்கு எவ்வளவு நேரம்? அரைமணி போதும், ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாது. ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாரம் முழுவதும் புத்தகத்தைத் தொடாதிருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. இதற்குச் சான்று தருபவரும் ஒரு ஜெர்மானியரே. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்னும் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று தம்மையே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்குமேல் ஒரு மணி நேரத்திற்குள் நழுவிவிடுவதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்கு நிலைப்பதையும் அவர் கண்டார்.

எனவே அரைமணியின் முதல் பத்து நிமிடம் பழைய சொற்களுக்கு உரியது. புதிய சொல்லை மறுநாளும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், பதினைந்தாம் நாளும் எடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழையதை முதலில் பார்ப்பது புதிய உத்தியன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்ற முறையைக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை 7 முதல் 8 வரை முன்பு எழுதிவைத்த சொற்களைத் திரும்பப் படிப்பார். அதன்பின்பே புதிய நூல்களைத் தொடுவார். ஜெர்மானியர் நம் மொழியைக் கற்ற முறை, நாம் அவர் மொழியைக் கற்கவும் உதவுகிறது!

சொற்களை எழுதும்போது ஒரு விதி. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டேர், டீ, டஸ் என்னும் மூன்றில் ஒன்று முன்னே நிற்கும். தமிழில் பொருளைப் பார்த்துத் திணை சொல்லிவிடலாம். அங்கே கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை! சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் அஃறிணை போல 'டஸ்' பெறுகிறது; 'ஷென்' என்ற சிறுமை விகுதிதான் காரணம். ஆகவே சொல்லைத் தனியே எழுதாமல், டேர் சொற்களை நீல மையிலும், டீ சொற்களை சிவப்பிலும், டஸ் சொற்களைப் பச்சையிலும் எழுதுக. மூன்று பேனாக்களைவிடப் பெரிய செலவு இதில் இல்லை.

அடுத்த பதினைந்து நிமிடம் புதிய பாடம். டாய்ச்ச வெல்ல நிறுவனம் 'நிக்கோஸ் வேக்' என்ற பாடத்தொடரை இலவசமாக அளிக்கிறது. ஒரு பாடத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம். அதே ஒலிப்பகுதியைப் பேருந்தில் மீண்டும் கேட்கலாம். அது அரைமணிக் கணக்கில் சேராது.

இலக்கணத்தை ஆங்கில வழியாகவே புரிந்துகொள்ள முயல்வது வீண் சுற்று. ஆங்கிலேயன் 'நான் குளிராக இருக்கிறேன்' என்கிறான். ஜெர்மானியன் 'மியர் இஸ்ட் கல்ட்' என்கிறான். அதாவது 'எனக்குக் குளிராக இருக்கிறது'. நம் நான்காம் வேற்றுமையேதான்! 'வைல் டேர் புஸ் ஷ்பேட் கொம்ட்' என்பதை வரிசை மாற்றாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஏனெனில் பேருந்து தாமதமாக வருகிறது' என்றாகும். 'வைல்' போன்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் வினை கடைசிக்குச் செல்வது தமிழனுக்குப் பழகிய பாதை. தனி வாக்கியத்தில் மட்டும் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். அதைத்தான் நாம் பழக வேண்டும்.

வேதியியல் நண்பர்களுக்கு இன்னொரு சுவை. ஹைட்ரஜன் அங்கே 'வஸ்ஸர்ஷ்டோஃப்', அதாவது நீர்ப்பொருள். ஆக்சிஜன் 'ஸாவர்ஷ்டோஃப்', புளிப்புப் பொருள். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாசியே கருதியதன் எச்சம் இப்பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று பின்னர் தெளிந்தது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. டங்ஸ்டனுக்கு 'டபிள்யூ' என்ற குறியீடு வந்ததும் 'வோல்ஃப்ராம்' என்ற ஜெர்மன் பெயராலேயே.

கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன உண்டேன், பேருந்து வந்ததா என்ற அளவில் இருந்தால் போதும். ஞாயிறன்று புதிய பாடம் வேண்டாம்; அவ்வாரத்து வாக்கியங்களை உரக்கப் படித்தால் போதுமானது.

தானே கற்பவனுக்கு ஒரு குறை உண்டு. உச்சரிப்பைத் திருத்த ஆளில்லை. இதற்காக நானும் இயற்பியல் மாணவர் ஒருவரும் புதன்கிழமைதோறும் மதிய இடைவேளையில் நூலகத்தின் பின்புற வேப்பமரத்தடியில் அமர்ந்து, பாடத்திலுள்ள உரையாடலை ஆளுக்கொரு பாத்திரமாகப் படிக்கிறோம். அடுத்த பாடத்தில் மூன்று பாத்திரங்கள் வருகின்றன. விரும்பும் நண்பர்கள் வரலாம். பேனா மட்டும் கொண்டுவந்தால் போதும்.