ஞாயிற்றொளியும் விளக்கொளியும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் அமைந்துள்ளது. இருமருங்கும் குன்றுகள் நிற்க, இடையே சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. விடியற்காலையில் ஞாயிறு எழுந்த பின்னரும் கணவாயின் அடியில் நிழல் எளிதில் நீங்குவதில்லை. முதலில் மேற்குக் குன்றின் முடி பொன்னிறம் பெறும். பின்னர் ஒளி சரிவில் மெல்ல இறங்கும். அதன் பின்னரே சாலையில் வெயில் படியும். மாலையில் இம்முறை மாறி, கிழக்குக் குன்று இறுதி ஒளியை ஏந்தி நிற்கும். காலையிலும் மாலையிலும் பாறைகளின் மடிப்புகளும் மரங்களின் வரிசைகளும் தனித்தனியே தெரியும். நண்பகலிலோ அவையெல்லாம் கலந்து, குன்று ஒரே பரப்பாய் வெளிறித் தோன்றும். குன்று மாறவில்லை, அதன்மேல் விழும் ஒளியே மாறியது. ஒளிப்படக் கலையில் புகுவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

இக்கலையின் விளைவுக்குத் தமிழில் ஒளிப்படம் என்றும் நிழற்படம் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. மேலை நாட்டார் 1839ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ‘போட்டோகிராபி’ என்னும் சொல்லுக்கு ஒளியால் எழுதுதல் என்பது பொருள். ஒளி, நிழல் என முரண்பட்ட இரு சொற்கள் ஒரே பொருளுக்குப் பெயராயின எனினும், இரண்டும் உண்மையே. ஒளி பொருளைக் காட்டுகிறது. நிழல் அதன் வடிவைக் காட்டுகிறது. இதனை வானத்தில் கண்டு தெளியலாம். முழுமதி நாளில் திங்களின் முகத்தில் ஞாயிற்றொளி நேரே விழுவதால், அங்குள்ள மலைகளும் பள்ளங்களும் நிழலின்றி மறைந்துவிடுகின்றன. அரைமதி நாளில் ஒளி பக்கவாட்டில் விழுவதால், சிறு தொலைநோக்கி வழியே நோக்கினும் அம்மலைகளும் பள்ளங்களும் தெளிவாய்ப் புலப்படும். ஆதலின், ஒளியின் மிகுதியை மட்டும் கருதுவது போதாது; அஃது எத்திசையினின்று விழுகிறது என்பதையும் கருதுதல் வேண்டும்.

படம் எடுப்போர்க்கு இருவகை ஒளிகள் உள்ளன. ஞாயிறு தரும் ஒளி இயற்கை ஒளி. மக்கள் ஆக்கிக்கொண்ட விளக்குகளின் ஒளி செயற்கை ஒளி. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று சிலர் வினவுவர். உளியும் அரமும் இருக்க, எது சிறந்தது என்று தச்சன் வினவுவதில்லை. எவ்வேலைக்கு எது என்றே வினவுவான். ஒளியைத் தேர்வதிலும் அம்முறையே தக்கது.

இயற்கை ஒளியின் முதற்சிறப்பு அதன் பரப்பு. ஞாயிறு தொப்பூர்க் குன்று முழுவதையும் அதன் அப்பாலுள்ள நாட்டையும் ஒருங்கே விளக்குகிறது. இரண்டாவது, நம் கண்கள் பழகிய ஒளி அதுவேயாதலால், பொருள்களின் நிறம் இயல்பாய்த் தோன்றுகிறது. மூன்றாவது, அதற்கு விலை இல்லை. பழங்கால ஒளிப்படக் கலைஞர் பெரும்பாலும் இவ்வொளியையே நம்பி அரும்பணிகள் ஆற்றினர்.

லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856ஆம் ஆண்டில் அமர்த்தப்பெற்றார். அவர் 1857ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, சேலம் மாவட்டத்தின் வழியே திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று படங்கள் எடுத்தார். தருமபுரி அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1965ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமாயிற்று. இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் அடங்கிய படத்தொகுதி ஒன்றும் டிரைப்பின் பயணத்தால் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒன்றாய் இணைத்தார். அதன் நீளம் 19 அடிக்கு மேற்பட்டது. மின்விளக்கு வழங்காத அக்காலத்தில் அவருக்குத் துணை நின்றது ஞாயிற்றொளியும் பொறுமையுமே.

எனினும் இயற்கை ஒளி மக்களின் ஏவலுக்கு உட்பட்டதன்று. முகில் மூடினால் மங்கும். மாலை வந்தால் மறையும். குகைக்குள்ளும் கருவறைக்குள்ளும் நுழையாது. இக்குறையை நீக்கவே செயற்கை ஒளியைத் தேடினர். பிரான்சு நாட்டு நாடார் என்பவர், 1861ஆம் ஆண்டையொட்டி, பாரிசு நகரின் நிலத்தடிச் சுரங்கங்களை மின்கல விளக்கால் படம் எடுத்தார். பியாசி சிமித் என்னும் வானநூலறிஞர் 1865ஆம் ஆண்டில் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மக்னீசியம் என்னும் உலோகத்தை எரித்து, அவ்வொளியில் படம் எடுத்தார். 1887ஆம் ஆண்டில் செருமானியர் இருவர் வெடித்து ஒளிரும் பொடியொன்றை ஆக்கினர். அது புகையும் தீயும் கக்கி இடர் விளைத்தது. பின்னர்க் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் விளக்கு வந்தது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்கர்டன் மின்னணுப் பளிச்சொளி விளக்கை உருவாக்கினார். ‘பிளாஷ்’ என இன்று யாவரும் அறிந்த விளக்கு அவ்வழியில் வந்ததே.

செயற்கை ஒளியின் சிறப்பு, அது நம் கைக்குள் அடங்கி நிற்பது. வேண்டிய திசையில் வைக்கலாம்; கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அதன் வீச்சுக் குறுகியது. சிறு விளக்கினின்று ஒரு பொருள் இருமடங்கு விலகினால், அதன்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கு விலகினால் ஒன்பதில் ஒரு பங்காகும். அந்திப்பொழுதில் தொப்பூர்க் குன்றை நோக்கிக் கைப்பேசியின் பளிச்சொளியை வீசிப் படம் எடுப்பவர், அருகிலுள்ள புதரை வெளிறச் செய்வாரேயன்றிக் குன்றை விளக்கமாட்டார். அவர் செய்யத்தக்கது, விளக்கை அணைத்து, கருவியை அசையாத தாங்கியில் நிறுத்தி, எஞ்சிய வானொளியை நெடுநேரம் உள்வாங்குவதே.

இவ்விருவகை ஒளிகளையும் தேர்ந்து பயன்படுத்த வேண்டிய இன்றியமையாமை தருமபுரி வட்டாரத்தில் சிறப்பாக உண்டு. இவ்வட்டாரம் நடுகற்கள் நிறைந்தது. ஆநிரையை மீட்கும் போரிலும் ஊரைக் காக்கும் போரிலும் உயிர் துறந்த வீரர்க்கு அவர்தம் உருவும் பெயரும் பொறித்துக் கல் நடுதல் பண்டைத் தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அச்சடங்கின் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்கள் பல காக்கப்படுகின்றன. வேறு பல இன்றும் வயல்களிலும் ஊர்ப்புறங்களிலும் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன.

இவ்வட்டாரத்தை அடுத்த செங்கம் பகுதியில் எடத்தனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குக் கிடைத்த பல்லவர் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்றும் அக்கல் கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் நன்றியுணர்வை உலகம் இன்றும் அறிவது கல்லில் கீறிய சில எழுத்துகளால் அன்றோ! அவ்வெழுத்துகள் தேய்ந்திருந்தால், அல்லது படிப்பவர் கண்ணுக்குப் புலப்படாதிருந்தால், அப்பெயர் அழிந்தே போயிருக்கும்.

தேய்ந்த எழுத்தைப் புலப்படுத்துவது சாய்வொளி. ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள கீறலைக் கருதுக. ஒளி கல்லின் முகத்தோடு 60 பாகைக் கோணத்தில் விழுந்தால், அக்கீறலின் விளிம்பு தரும் நிழல் அரை மில்லிமீட்டரினும் சற்றே மிகும். ஒளி 10 பாகைக் கோணத்தில் கல்லைத் தடவிச் சென்றால், அந்நிழல் ஐந்து மில்லிமீட்டரைக் கடக்கும் அளவினது. ஆதலின் கீறல் முழுவதும் இருண்டு, கல்லின் முகம் வெளுத்து நிற்கும். எழுத்து எழுந்து பேசுவது போலத் தோன்றும். கருவியின்மேலே பொருத்திய விளக்கு கல்லுக்கு நேரே ஒளி வீசுவதால், முழுமதியில் மலைகள் மறைவது போல எழுத்துகளும் மறைந்துவிடும். நடுகல்லைப் படம் எடுப்போர் பலர் செய்யும் பிழை இதுவே.

அவ்வாறாயின் ஞாயிற்றொளியில் எப்பொழுது எடுப்பது? நிற்கும் கல் எத்திசை நோக்கியது என்பதே விடை தரும். கிழக்கு நோக்கிய கல்லின்மேல் இளங்காலை வெயில் நேரே விழும். அப்பொழுது எழுத்துத் தெளியாது. நண்பகலை நெருங்கும் வேளையில் வெயில் மேலிருந்து கல்லைத் தடவி இறங்கும். அதுவே ஏற்ற பொழுது. மேற்கு நோக்கிய கல்லுக்கு நண்பகல் கடந்த சிறுபொழுது ஏற்றது. வடக்கு நோக்கிய கல்லின் நிலை வேறு. செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்வதால், அதன் முகத்தில் நேர்வெயில் படுவதில்லை. தொப்பூர் ஏறத்தாழ 12 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி கடந்த சில நாள் வரையில் நண்பகல் ஞாயிறு உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அக்காலத்தில் அவ்வடமுகக் கல்லின்மேல் வெயில் மேலிருந்து தடவி இறங்கும். அறிந்து காத்திருப்பவர்க்கு அந்நாள்கள் நல்வாய்ப்பாகும்.

காத்திருக்க இயலாதவர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, வெயிலில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நிழலில் நிற்கும் கல்லின்மேல் அவ்வொளியைப் பக்கவாட்டில் திருப்புதல். ஒளி இயற்கையினது, திசை மக்கள் வகுத்தது. மற்றொன்று, பொழுது சாய்ந்த பின் கைவிளக்கைக் கல்லின் பக்கத்தே தாழ்த்திப் பிடித்தல். இருளில் வேறு ஒளி குறுக்கிடாமையால் மிகத் தேய்ந்த கீறலும் புலப்படும்.

ஆயினும் ஒரே திசையிலிருந்து வரும் ஒளியை முற்றும் நம்புதல் ஆகாது. பக்கவாட்டில் விழும் ஒளி நெடுக்குக் கோடுகளைக் காட்டும். குறுக்குக் கோடுகளை மறைக்கும். மேலிருந்து விழும் ஒளி இதற்கு மாறானது. பழைய நடுகற்களிற் பயிலும் வட்டெழுத்தோ வளைவுகள் நிறைந்தது. ஓர் ஒளியில் அதன் ஒரு பாதியே தெரியும். கல்லின் இயற்கை வெடிப்பும் எழுத்தின் கோடு போல மயக்கும். கீழிருந்து விளக்கைக் காட்டினால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றுதலும் உண்டு. ஒளி மேலிருந்தே வரும் என நம் கண் பழகியிருப்பதே இதற்குக் காரணம். ஆதலின் விளக்கை நாற்புறமும் நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒப்பு நோக்குதல் வேண்டும். இம்முறையைக் கணிப்பொறியோடு இணைத்து, டாம் மால்சுபெண்டர் முதலிய அறிஞர் 2001ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையை வெளியிட்டனர். கருவியை அசைக்காமல், விளக்கை மட்டும் பல திசைகளில் வைத்துப் படங்கள் எடுப்பர். பின்னர்த் திரையில் வேண்டிய திசையிலிருந்து ஒளி விழுமாறு செய்து எழுத்தைப் படிப்பர். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படி முறையும் இன்றளவும் உடன் நின்று உதவுகிறது.

கல்லுக்கு ஏற்ற ஒளி ஓவியத்திற்கு ஏற்குமா? ஏற்காது. கல் ஒளியால் கெடுவதில்லை. பல வண்ணங்களோ ஒளியால் மெல்ல வெளிறும் இயல்பின. நண்பகல் வெயிலின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். தாளிலும் துணியிலும் தீட்டிய மென்மையான ஓவியங்களுக்குக் காட்சிச்சாலைகள் வழங்கும் ஒளி 50 லக்ஸ் அளவினதே. அசந்தாக் குகை ஓவியங்களை 1991ஆம் ஆண்டில் பினாய் பெகல் என்னும் கலைஞர் படம் எடுத்தபோது, வலிய விளக்கைத் தவிர்த்து, மங்கிய ஒளியிலேயே நெடுநேரம் ஒளியை உள்வாங்கச் செய்து வண்ணங்களைப் பதிவுசெய்தார். விளக்கு இருந்தும் அதனைக் குறைத்துக்கொண்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

உயிருள்ளவற்றின்முன் இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இருளுக்குப் பழகிய ஆந்தை முதலிய உயிர்களின் கண்ணில் திடீரெனப் பளிச்சொளி வீசுதல் அவற்றை மருட்டும். தொப்பூர்க் கணவாயின் இறக்கம் விபத்துகள் பல நிகழ்ந்த இடம். இரவில் அங்கு இறங்கும் சரக்கு வண்டியின் ஓட்டுநர் முகத்தில் ஒரு நொடி வீசிய ஒளி அவர் கண்ணை மறைத்தால், அதன் விளைவு படம் எடுத்தவரோடு நில்லாது. அழகிய படத்தின் பொருட்டுப் பிறர்க்கு இடர் விளைத்தல் எவ்வாற்றானும் தகாது.

ஆகவே, ஒளிப்படம் எடுப்போர் கருவியைக் கையில் எடுக்குமுன் மூன்றை எண்ணுதல் வேண்டும். பதிவுசெய்ய வேண்டியது பொருளின் பரப்போ, நிறமோ, மேடுபள்ளமோ என்பது ஒன்று. அதனைக் காட்டத்தக்க ஒளி எத்திசையினின்று, எப்பொழுது வரும் என்பது மற்றொன்று. அவ்வொளியால் அப்பொருட்கோ பிறர்க்கோ தீங்கு நேருமோ என்பது பிறிதொன்று. இம்மூன்றையும் எண்ணுவோர்க்கு ஞாயிறும் விளக்கும் ஒருங்கே துணையாகும். மாணவர் தம் ஊர்ப்புறத்தில் நிற்கும் பழங்கற்களைச் சென்று காண்பாராக. காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் அவற்றை நோக்குவாராக. சுண்ணாம்பும் எண்ணெயும் பூசாமல், உளியோ ஆணியோ படாமல் காத்து, கண்டதைத் தொல்லியல் துறையினர்க்கு அறிவிப்பாராக. பெயர் மறைந்த வீரன் ஒருவனின் பெயர், ஒளி சாயும் ஒரு பொழுதுக்காக அங்கே காத்திருத்தல் கூடும்.

பயிற்சி

1. ஒளிப்படம், நிழற்படம் என்னும் பெயர்கள் இரண்டும் பொருந்துமாற்றை விளக்குக.
2. முழுமதி நாளில் திங்களின் மலைகள் தெளிவாய்ப் புலப்படாமைக்குக் காரணம் யாது?
3. வடக்கு நோக்கிய நடுகல்லைப் படம் எடுக்க ஏற்ற காலத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. ஒரே திசையிலிருந்து வரும் ஒளியை நம்பி வட்டெழுத்தைப் படித்தலால் நேரும் பிழைகள் யாவை?
5. உங்கள் ஊரிலுள்ள பழைய கல் அல்லது கட்டடம் ஒன்றினை மூன்று பொழுதுகளில் நோக்கி, கண்ட வேறுபாடுகளை ஒரு பக்க அளவில் எழுதுக.