கம்ப்யூட்டர் விழும் முன்பே இடம் ஒதுக்கி வையுங்கள்

வேலை செய்து கொண்டிருக்கும்போதே திரை முழுவதும் நீலமாக மாறுகிறது. சில ஆங்கில வரிகள் தோன்றுகின்றன. பிறகு கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் பதறிப் போய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து விடுகிறார்கள். மறுநாள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கே "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றோ "போர்டு மாத்தணும்" என்றோ பதில் கிடைக்கிறது.

உண்மையில், தான் ஏன் விழுந்தது என்பதைக் கம்ப்யூட்டரே ஒரு ஃபைலில் எழுதி வைக்கக் கூடியது. அந்த ஃபைலுக்குக் கிராஷ் டம்ப் என்று பெயர். ஆனால் அதை எழுத ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுந்த பிறகு ஒதுக்க முடியாது. அந்த இடத்தை ஒதுக்குவது எப்படி, எழுதியதைப் படிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

கெர்னல் விழுந்தால் யார் எழுதுவது?

விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் அதன் மையத்தில் இருப்பது கெர்னல். ரேம், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, பிரிண்டர் ஆகிய அனைத்தையும் இதுதான் நிர்வகிக்கிறது. வேர்டு போன்ற ஒரு புரோகிராம் சிக்கிக் கொண்டால் கெர்னல் அதை மட்டும் மூடிவிடும். மற்ற வேலைகள் தொடரும். ஆனால் கெர்னலிலோ அதனுடன் சேர்ந்து இயங்கும் டிரைவரிலோ தவறு ஏற்பட்டால் அதைத் திருத்த மேலே யாரும் இல்லை. தவறான தகவலை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி உங்கள் ஃபைல்களைக் கெடுப்பதைவிட நின்று விடுவதே மேல் என்று கெர்னல் தன்னை நிறுத்திக் கொள்கிறது. அதுதான் நீலத் திரை. விண்டோஸ் 11-ல் 2025-ஆம் ஆண்டு அப்டேட்டுக்குப் பிறகு இது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது. லினக்ஸில் இதைக் கெர்னல் பேனிக் என்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. டம்ப் எழுத மெமரி வேண்டும், ஹார்ட் டிஸ்க் டிரைவர் வேண்டும். இரண்டையும் நிர்வகிப்பது கெர்னல்தான். விழுந்த கெர்னலை நம்பி எழுதச் சொல்ல முடியுமா?

எங்கள் ஊர் ஓசூர். இங்கே சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைகளில் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்க விட்டிருப்பதைப் பார்க்கலாம். தீப்பிடித்த பிறகு மணல் தேடி ஓட முடியாது. வாளி காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் வேறு சாமான் போடவும் கூடாது. கிராஷ் டம்புக்கு ஒதுக்கும் இடமும் அப்படித்தான்.

லினக்ஸில் நம் பக்கத்து ஊரின் பங்கு

லினக்ஸில் இந்த மணல் வாளிக்குக் கேடம்ப் என்று பெயர். இதை உருவாக்கியதில் ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு. அங்குள்ள ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரில் பணியாற்றிய ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, ஐபிஎம் இந்தியாவின் விவேக் கோயல் ஆகியோர் இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் எரிக் பீடர்மேன் உருவாக்கிய கெக்செக் என்ற வசதியின் மேல் இதை அமைத்தார்கள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.13-ல் கெக்செக், கேடம்ப் இரண்டும் சேர்க்கப்பட்டன.

அதற்கு முன்பிருந்த முறைகள் பலவும் விழுந்த கெர்னலின் டிரைவர்களையே நம்பி டம்ப் எழுதின. இவர்கள் வேறு வழியில் சென்றார்கள். கம்ப்யூட்டர் துவங்கும்போதே ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றித் தயாராக வைத்து விடுகிறார்கள். முதல் கெர்னல் அந்தப் பகுதியைத் தன் வேலைக்குப் பயன்படுத்தாது. முதல் கெர்னல் விழுந்ததும் கட்டுப்பாடு நேராக இரண்டாவது கெர்னலுக்குத் தாவுகிறது. இடையில் பயாஸ் ஓடுவதில்லை என்பதால் ரேமில் இருந்தது அழிவதில்லை. இரண்டாவது கெர்னல் எழுந்து, முதல் கெர்னலின் மெமரியைப் படித்து ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கிறது.

எவ்வளவு ஒதுக்க வேண்டும்? ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் சாதாரண இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களுக்கு உள்ள கணக்கு இது.

1 முதல் 4 ஜிபி வரை ரேம் இருந்தால் 192 எம்பி.
4 முதல் 64 ஜிபி வரை 256 எம்பி.
64 ஜிபிக்கு மேல் 512 எம்பி.

8 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் 256 எம்பி என்பது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. மொத்த மெமரியில் இவ்வளவு குறைத்துக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அது வாளி மணல்.

விண்டோஸில் எப்படி?

விண்டோஸ் இந்த இடத்தை ரேமில் அல்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்குகிறது. பேஜ் ஃபைல் என்ற பெயரில் சி டிரைவில் இருக்கும் பெரிய ஃபைல்தான் அது. டம்ப் எழுதுவதற்கென்றே ஹார்ட் டிஸ்க் டிரைவரின் தனிப் பிரதி ஒன்றையும் விண்டோஸ் துவங்கும்போதே ஏற்றி வைக்கிறது. விழும் நேரத்தில் மெமரி பேஜ் ஃபைலில் எழுதப்படும். ரீஸ்டார்ட் ஆனதும் அது டம்ப் ஃபைலாக மாற்றப்படும். உங்கள் கம்ப்யூட்டரில் இது சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், அதில் அபவுட் என்பதைக் கிளிக் செய்யவும்.

2. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும். சிறிய பெட்டி ஒன்று திறக்கும்.

3. அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்தவும். ஆட்டோமேட்டிக் மெமரி டம்ப் என்று இருந்தால் போதும். நன் என்று இருந்தால் மாற்றவும்.

4. அதே இடத்தில் ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்து விட்டால், நீலத் திரை மறையாமல் நிற்கும். செல்போனில் படம் எடுத்துக் கொள்ளலாம்.

5. வீட்டுக் கம்ப்யூட்டரில் காலி இடம் 25 ஜிபிக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் பெரிய டம்ப் ஃபைலைத் தானே அழித்து விடும். அதைத் தடுக்கும் டிக் பெட்டியும் இங்கேயே உள்ளது.

6. அடுத்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியின் செட்டிங்ஸ் சென்று, அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, சேஞ்ச் என்று வரிசையாகச் செல்லவும். மேலே ஆட்டோமேட்டிகலி மேனேஜ் பேஜிங் ஃபைல் சைஸ் என்பதில் டிக் இருக்க வேண்டும்.

ஆறாவது படி முக்கியம். ஓசூரில் லேத் ஜாப் ஒர்க் செய்யும் ஒருவரின் கம்ப்யூட்டர் தினமும் இரண்டு முறை விழுந்து கொண்டிருந்தது. "தம்பி, மதர்போர்டு போயிருச்சாம், மாத்தி ஃபார்மேட் பண்ணணும்னு சொல்றாங்க" என்றார். இரண்டு வருட இன்வாய்ஸ்களும் பார்ட்டி கொடுத்த டிராயிங்குகளும் அதில்தான் இருந்தன. வேறு காப்பி கிடையாது. முதலில் அனைத்தையும் பென் டிரைவில் எடுத்து வைத்தோம். பிறகு நான் டம்ப் ஃபைலைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. வேகம் கூடும் என்று யாரோ பேஜ் ஃபைலை முழுவதுமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வாளியில் மணலே இல்லை.

பேஜ் ஃபைலை ஆன் செய்துவிட்டு, "அண்ணா, இனி நீலத் திரை வந்தால் பட்டனைத் தொடாதீர்கள், நூறு சதவீதம் வரும்வரை காத்திருங்கள்" என்று சொல்லி வந்தேன். மூன்று நாளில் நான்கு டம்ப் ஃபைல்கள் சேர்ந்தன. நான்கிலும் ஒரே டிரைவரின் பெயர். யூஎஸ்பியில் செருகியிருந்த வைஃபை அடாப்டர். அதைக் கழற்றிவிட்டு நெட்வொர்க் கேபிள் போட்டதும் கம்ப்யூட்டர் விழுவது நின்றது. மதர்போர்டு இன்றும் அதேதான்.

டம்ப் ஃபைலைப் படிப்பது எப்படி?

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் சிறிய டம்ப் ஃபைல்கள் தேதி வாரியாக இருக்கும். நிர்சாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் புளூஸ்கிரீன்வியூ புரோகிராமில் இவை வரிசையாகத் தெரியும். எந்த டிரைவர் காரணம் என்று காட்டும் காலத்தைப் பாருங்கள். அது ஊகம்தான், ஒரே ஒரு ஃபைலை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று, நான்கு ஃபைல்களைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் என்றால் அந்த டிரைவரையோ அந்தக் கருவியையோ மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் என்றால் ரேம் மீது சந்தேகம் கொள்ளலாம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் மூலம் சோதியுங்கள். நீலத் திரையே வராமல் சட்டென்று அணைந்து, டம்பும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ், சூடு, மின்சாரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். மின்சாரம் நின்றால் டம்ப் எழுத யாருக்கும் நேரம் இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பின்னர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் கிராஷ் டம்புகளைத் திறந்து, அந்த மென்பொருளின் டிரைவர் தனக்கு உரிமையில்லாத மெமரியைப் படிக்க முயன்றதை விளக்கினார்கள்.

லினக்ஸ் பயனர்களுக்கு

டெபியன், உபுண்டுவில் சினாப்டிக் மூலம் கேடம்ப்-டூல்ஸ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால், மெமரி ஒதுக்கும் வரியை அதுவே சேர்த்து விடும். இடையில் கேட்கும்போது கேடம்பை இயக்க ஒப்புதல் தந்து, ரீஸ்டார்ட் செய்யவும். ரீஸ்டார்ட் செய்த பிறகே இடம் ஒதுக்கப்படும். உபுண்டு 24.10 முதல் போதிய வசதியுள்ள கம்ப்யூட்டர்களில் இது தானாகவே இயங்குகிறது. ரெட்ஹேட் 9 போன்றவற்றில் இன்ஸ்டால் செய்யும்போதே கேடம்ப் பக்கம் இருக்கும். 2 ஜிபி ரேம் மட்டுமே உள்ள பழைய கம்ப்யூட்டர் விழாமல் ஓடுகிறது என்றால் இது தேவையில்லை. அடிக்கடி விழுந்தால் மட்டும் சில நாட்கள் போட்டுப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

டம்ப் என்பது மெமரியின் நகல். நீங்கள் அடித்த பாஸ்வேர்டு, திறந்திருந்த கடிதத்தின் பகுதி ஆகியவை பெரிய டம்ப் ஃபைலில் இருக்கலாம். முன்பின் தெரியாதவருக்கு அதை அனுப்பாதீர்கள். மினிடம்ப் ஃபைல் மிகச் சிறியது, பெரும்பாலும் அதுவே போதும்.

டிஸ்க் கிளீனப் போன்ற புரோகிராம்கள் டம்ப் ஃபைல்களைக் குப்பை என்று காட்டும். காரணம் தெரியும்வரை அவற்றை அழிக்காதீர்கள்.

கிராஷ் டம்ப் உங்கள் ஃபைல்களுக்குக் காப்பி அல்ல. அது விழுந்த காரணத்தை மட்டுமே சொல்லும். பேக்கப் தனியாக எடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் இன்றே மேலே சொன்ன ஆறு படிகளையும் ஒரு முறை பார்த்து விடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இனி யாராவது "போர்டு மாத்தணும்" என்று சொன்னால், "டம்பில் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம்.