ஜாமீன் பத்திரமும் நிர்வாகக் குழுவின் கடமையும்

சங்கத்தின் ரொக்கத்தையும் நூல் இருப்பையும் ஒருவரிடம் ஒப்புவிக்குங்கால் அவரிடம் ஜாமீன் பெறுதல் புதிய வழக்கமன்று. அரசாங்கப் பணம் கையாளும் உத்தியோகஸ்தர் ஜாமீன் கொடுத்தல் வேண்டுமென 1850-ஆம் ஆண்டின் 12-ஆவது சட்டமே விதித்தது. திண்டுக்கல் பூட்டு திருடனைத் தடுக்கும். சாவி வைத்திருப்பவரைத் தடுக்காதன்றோ?

ஆயினும், பத்திரம் வாங்கியதோடு வேலை முடிந்ததென நம்மிற் பலர் எண்ணுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. அதன் 143-ஆவது பிரிவிலுள்ள உதாரணத்தை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். வசூல் குமாஸ்தா ஒருவர் சில தொகைகளுக்குக் கணக்குக் காட்டவில்லை. முதலாளி அவரிடம் ஜாமீன் கேட்கிறார். பழைய தவற்றை அறியாத ஒருவர் பிணை நிற்கிறார். முதலாளியும் அதனைச் சொல்லவில்லை. குமாஸ்தா மீண்டும் தவறுகிறார். அப்பிணை செல்லாது என்கிறது சட்டம். "சொன்னால் யாரும் கையெழுத்திட மாட்டார்களே" என்று மௌனம் சாதிக்கும் குழு, வெறுங் காகிதத்தையே பெறுகிறது.

139-ஆவது பிரிவின் உதாரணமும் அத்தகையதே. மாதமொரு முறையேனும் ரொக்கத்தைச் சரிபார்ப்பதாக வாக்களித்து, அதனைச் செய்யாதிருந்தால், கையாடலுக்குப் பிணைதாரர் பொறுப்பல்லர்.

சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் சங்கம் எனக் கொள்வோம். எழுத்தராயிருந்தவரைப் பிணைதாரரின் இசைவின்றி நூல் கிடங்குக்குப் பொறுப்பாக்கினால், 133-ஆவது பிரிவின்படி, அம்மாறுதலுக்குப் பிந்திய நடப்புகளுக்குப் பழைய பத்திரம் உதவாது போகலாம். வேலை மாறும்போதே புதுப் பத்திரம் பெறுக.

பிணை நிற்பவர் பெரும்பாலும் அடுத்த தெருக்காரர். வீடும் தறியும், அல்லது கிணற்றடி நிலமுமே அவர் சொத்து. ஒப்பந்தத்தில் வரம்பு கூறாவிடில் 128-ஆவது பிரிவின்படி முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பாவார். ஆதலால் உச்சத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறித்து, பத்திரத்தை அவருக்குப் படித்துக்காட்டிய பின்னரே கையெழுத்து வாங்குதல் முறை. இத்துன்பம் வேண்டாமெனில், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அளிக்கும் நாணய உத்தரவாதப் பாலிசியை நாடலாம்.

பிணைதாரரின் சொத்தையும் அதன்மீதுள்ள கடனையும் விசாரித்த பின்னரே குழு அங்கீகாரத் தீர்மானம் இயற்றுக. தீர்மான எண், தேதி, தொகை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, நகலைக் கோப்பில் சேர்த்திடுக. அசல் பத்திரம் மட்டும், எவருக்காக எழுதப்பட்டதோ அவர் வசமுள்ள பெட்டியில் இருத்தலாகாது. தலைவர் பொறுப்பிலோ வங்கிப் பெட்டகத்திலோ இருக்கட்டும்.